வைகாசியிலும் ஐப்பசியிலும் பிறந்தவள்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். பத்திரம் எழுதுவது எப்படி என்று எழுதப்போவதில்லை. அதற்குக் கணினியில் பழைய படிவங்கள் கிடக்கின்றன. அவை போதாதென்றால் குமாஸ்தா கருப்பையா இருக்கிறார். நான் எழுதப்போவது என் தவறு ஒன்றைப் பற்றி. நாள், தேதி விஷயத்தில் பிசகாதவள் என்று ஊரில் பெயர் வாங்கியவள், நாள், தேதி விஷயத்திலேயே செய்த தவறு.

சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். மாதங்களையும் மாற்றிப் பார்த்தேன், கை வரவில்லை. ஆண்டை மட்டும் சொல்லாமல் விடுகிறேன். அதுவே எனக்குப் பல் பிடுங்கியதுபோல் இருக்கிறது.

என் டயரிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏலக்காய்க் கடைக்காரர்கள் புது வருடத்துக்கு இலவசமாகக் கொடுக்கும் டயரிகளை இந்த ஊரில் முழுதாக எழுதித் தீர்த்தவள் நான் ஒருத்திதான். மலையில் முதல் மழை என்று இறங்கியது, குரங்கணிப் பாதை என்று அடைபட்டது, எந்த வீட்டுப் பிள்ளைக்கு என்று காது குத்தினார்கள், எல்லாம் அதில் உண்டு. சில வீட்டார் தங்கள் கல்யாண நாளை என்னிடம் போன் செய்து கேட்பார்கள். அந்த மிதப்பும் இந்தக் கதைக்கு ஒரு காரணம்.

முதலில் நம் கட்சிக்காரர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பளபளவென்று ஒரு கார் வாசலில் வந்து நின்றால் பதறி எழுந்திருக்காதீர்கள். ரப்பர் செருப்பும் ஏலக்காய் வாசமுமாக ஒருவர் வந்து, படியிலேயே நின்று, “வக்கீலம்மா இருக்காகளா?” என்று கேட்டால் அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுங்கள். அவர் தமக்காக வந்திருப்பதாகச் சொல்ல மாட்டார். மச்சினன் ஒருத்தன் கேட்டு வரச் சொன்னான் என்பார். மச்சினன் கேட்கச் சொன்ன சொத்தின் சர்வே எண் இவருடைய சட்டைப்பையில் இருக்கும்.

அவர்கள் நமக்குத் தருவது கூலி மட்டும் அல்ல, ரகசியமும்தான். சேர்ந்த புதிதில், ரகசியம் என்றால் வாயை மூடிக்கொள்வது என்று நினைத்திருந்தேன். குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்துப் பெரியவரிடம் உயிலில் கையெழுத்து வாங்கப் போக வேண்டியிருந்தது. ஈ, எறும்புக்கும் தெரியக் கூடாது என்று சொல்லியிருந்தார். நான் ஜீப்பில் ஏறி, கறுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஆள் சேரட்டும் என்று அந்த ஜீப் அரை மணி நேரம் நின்றது. அதற்குள் முந்தின ஜீப்பில் சேதி மலையேறிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய இரண்டு மகன்களும் மருமகனும், பேச்சுவார்த்தையே இல்லாத தங்கையும், முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் என்னைப் பார்த்ததும், “காப்பி நாத்துக் கேட்டீகள்ல தாயி, எடுத்து வச்சிருக்கேன்” என்றார்.

ஆமாம் என்றேன். ஒரு கூடை நாற்றைத் தலையில் கட்டி அனுப்பிவைத்தார். அவை கீழே நம் போடி வெயிலில் ஒரே வாரத்தில் கருகின. வக்கீலுக்கு வாய் மட்டும் அல்ல, காலும் பேசும் என்று அன்று டயரியில் எழுதினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ராமசாமி என்று ஒரு தோட்டக்காரர் இருந்தார். குரங்கணிக்கு மேலே காபியும் ஏலமுமாக ஒரு தோட்டம். போடியில் ஏலக்காய் ஏல மையத்துக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கிடங்கு. இரண்டு மகன்கள். மூத்தவர் இளம் வயதிலேயே, ஒரு மழைக்காலத்தில், மலைப்பாதையில் ஜீப் உருண்டு இறந்துபோனார். அவருக்கு ஒரே மகள், பவித்ரா. இளையவர் தங்கவேல், ஏலக்காய் வியாபாரி. கெட்டவர் அல்ல. ஆனால் எதைப் பார்த்தாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பார்க்கிற கை அவருக்கு.

மூத்த மகன் போன பிறகு ராமசாமி என்னிடம் வந்தார். ஏற்பாட்டை அவர் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். மலை பேத்திக்கு, கிடங்கு தங்கவேலுக்கு. பேத்திக்கு இருபத்தைந்து வயது நிறையும் வரை தோட்டம் ஒரு டிரஸ்டில் இருக்கும். தங்கவேல் டிரஸ்டியாக இருந்து பார்த்துக்கொள்வார். குத்தகைக்கு விடுவது உட்பட எல்லா அதிகாரமும் அவருக்கு உண்டு. இருபத்தைந்து நிறைந்த அன்று அதிகாரம் முடிந்தது, தோட்டம் அவளுடையது. பதிலுக்கு அவள் பதினெட்டு நிறைந்ததும் கிடங்கில் தன் அப்பன் வழியில் வரும் பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தங்கவேலுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

நல்ல ஏற்பாடு. டிரஸ்ட் பத்திரத்தை எழுதும்போது, பேத்தி பிறந்த தேதி என்ன என்று கேட்டேன்.

ராமசாமி பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். “நாளு, நச்சத்திரமெல்லாம் எழுதக் கூடாது தாயி. பத்திரம் பத்துப் பேரு கைக்குப் போகும். எவன் எந்தத் தகட்டுல எழுதி எங்க பொதைப்பான்னு யாரு கண்டா?”

நான் வாதாடிப் பார்த்தேன். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, இவளுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் நீங்களா வந்து நிற்பீர்கள் என்று அவர் கேட்டதும் விட்டுக்கொடுத்துவிட்டேன். தேதி இல்லாமல், ‘இருபத்தைந்து வயது பூர்த்தியாகும் நாள்’ என்று மட்டும் எழுதினேன். தேதிதான் எனக்குத் தெரியுமே என்ற நினைப்பு. ஐப்பசியில் அவள் பிறந்தநாளுக்கு வருடம் தவறாமல் அந்த வீட்டில் கேசரி சாப்பிடுகிறவள் நான். டயரியில் குறித்தும் வைத்திருந்தேன்.

இதுதான் தவறு. கட்சிக்காரரின் பயத்தை மதிக்க வேண்டும். அந்தப் பயத்தைப் பத்திரத்துக்குள் விடக் கூடாது. தேதியைத் தனித்தாளில் எழுதி, உறையில் போட்டு, அவர் கையெழுத்தோடு பெட்டகத்தில் வைத்திருக்கலாம். அன்று எனக்குத் தோன்றவில்லை.

பவித்ரா வளர்ந்தாள். அவள் பதினெட்டு நிறைந்த ஆண்டு, ஆனி மாதம், தங்கவேல் அவசரமாக வந்தார். கிடங்கின் பேரில் வங்கியில் கடன் கேட்டிருந்தார்; அதற்கு விடுதலைப் பத்திரம் உடனே வேண்டும். பள்ளிச் சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டினார். நான் வருடத்தைக் கூட்டிப் பார்த்தேன், பதினெட்டு நிறைந்திருந்தது. பத்திரம் எழுதினோம், பதிவானது. ராமசாமி நிம்மதியாக வீட்டுக்குப் போனார். அடுத்த மாசியில் காலமானார்.

ஆனிக்குள் பதினெட்டு நிறைந்தவளுக்கு நாம் ஏன் ஐப்பசியில் கேசரி சாப்பிடுகிறோம் என்று எனக்கு அன்று தோன்றவில்லை பாருங்கள். டயரி எழுதுகிறவளின் லட்சணம் இது.

ஏழு வருடம் போனது. பவித்ரா விவசாயக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு வந்திருந்தாள். வாரத்தில் நான்கு நாள் மலையில்தான் கிடப்பாள். ஐப்பசியில் தோட்டம் கைக்கு வந்ததும் எந்தச் சரிவில் எதை நடுவது என்பது வரை அவளிடம் கணக்கு இருந்தது.

ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை காலை, தங்கவேல் வந்தார். உட்காருவதற்கு முன்பே கதவைச் சாத்தினார். கொச்சியிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் தோட்டத்தை இருபது வருடக் குத்தகைக்குக் கேட்கிறார்கள், பேசி முடித்தாயிற்று, வெள்ளிக்கிழமைக்குப் பத்திர ஆபீசில் டோக்கன் போட்டாயிற்று, அவர்கள் வியாழன் சாயங்காலமே வந்து லாட்ஜில் தங்குகிறார்கள். நான் பத்திரத்தை எழுதித் தர வேண்டும்.

“பவித்ராவுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“அது சின்னப் புள்ளக்கா. ரெண்டு மழ, ரெண்டு அட்டக்கடி பட்டா ஓடி வந்துரும். அதுக்கு இன்னும் இருவத்தஞ்சு முடியல. ஐப்பசிக்கு ரெண்டு மாசம் கெடக்கு. அதுவரைக்கும் டிரஸ்டி நாந்தான? பத்திரத்துலயே இருக்குல்ல?”

இருந்தது. நான்தான் எழுதியிருந்தேன். குத்தகை பதிவாகிவிட்டால் பவித்ராவுக்கு ஐப்பசியில் தோட்டம் கிடைக்கும். ஆனால் அதற்குள் காலை வைக்க அவளுக்கு நாற்பத்தைந்து வயதாகிவிடும்.

சரி, ஆவணங்களைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் டிரஸ்டி; நான் டிரஸ்டுக்கு வக்கீல். அவர் போனதும் கருப்பையாவைக் கூப்பிட்டு ஆவணக் கட்டைக் கொடுத்தேன். கருப்பையாவுக்கு ஆவணங்களை அடுக்கும்போது ஒவ்வொன்றையும் முணுமுணுவென்று படிக்கும் பழக்கம் உண்டு. நான் அதற்காக அவரைப் பலமுறை திட்டியிருக்கிறேன். அன்றைக்கு முணுமுணுப்பு நின்றது.

“அம்மா, இந்தப் புள்ள வைகாசியிலயே இருவத்தஞ்ச முடிச்சிருச்சே.”

ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தேன். வைகாசி மாதத்துத் தேதி. பள்ளிச் சான்றிதழைப் பார்த்தேன். அதே தேதி. பெட்டகத்திலிருந்து விடுதலைப் பத்திரத்தை எடுத்துவரச் சொன்னேன். அதிலும் அதுவே. அப்புறம்தான் என் டயரியைத் திறந்தேன். ஐப்பசி.

தங்கவேலுக்குப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் வந்துவிட்டார், கையில் மஞ்சள் தடவிய ஜாதக நோட்டோடு. விஷயம் இதுதான். பவித்ரா பிறந்தது ஐப்பசி மழையில், மலையில், தோட்டத்து பங்களாவில். பாதை அடைபட்டு ஜீப் இறங்க முடியவில்லை. அந்தப் பிறப்பை யாரும் பதிவு செய்யவும் இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது ஐந்து வயதுக்குச் சில மாதங்கள் குறைந்தன. பள்ளியில் சேர்க்கப் போனவர் ராமசாமி. ஒரு வருடம் வீணாகிறதே என்று பேத்தியை ஐந்து மாதம் முன்னதாகப் பிறக்க வைத்துவிட்டார். இந்த ஊரில் அது யாரும் தப்பாக நினைக்கிற காரியம் அல்ல. கருப்பையாவே பள்ளிக்கூடத்தில் ஒரு முறையும் வீட்டில் ஒரு முறையும் பிறந்தவர்தான்.

“நெசம் எதுவோ அதத்தானக்கா சட்டம் பாக்கும்? அண்ணியக் கூட்டியாரேன். பெத்தவ சொல்லட்டும். ஐப்பசி மழை, அடமழை, மருத்துவச்சியத் தோள்ல தூக்கிட்டுப் போனோம். அதுல நானும் ஒருத்தன்.”

அவர் சொன்னது முழு உண்மை. அதுதான் எனக்குச் சங்கடம். பவித்ராவின் அம்மா பொய் சொல்லத் தெரியாதவர். கேட்டால் ஐப்பசி என்றுதான் சொல்வார். வெள்ளிக்கிழமை காலை பேசலாம் என்று தங்கவேலை அனுப்பிவைத்தேன்.

வியாழக்கிழமை பவித்ரா வந்து நின்றாள்.

அவளை நான் வரச் சொல்லவில்லை. மண் பரிசோதனை முடிவுகள் வந்திருக்கின்றனவாம், என்னிடம் காட்ட வேண்டுமாம். மண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அவளுக்கு அந்தக் காகிதத்தை யாரிடமாவது காட்டியாக வேண்டும். என் மேசைமேல் குத்தகைப் பத்திரத்தின் நகல் விரித்தபடி கிடந்தது. நான் டயரியை எடுத்து அதன் மேல் வைத்தேன். டயரி சின்னது, பத்திரம் பெரியது. முழங்கையையும் வைத்தேன்.

“அத்தை, ஐப்பசி முடிஞ்சதும் கையெழுத்துக்கு நானா வரணுமா, நீங்க கூப்பிடுவீங்களா?” என்று கேட்டாள்.

உங்களில் யாராவது இந்த நாற்காலியில் உட்கார்ந்து இப்படி ஒரு கேள்வியைச் சந்திக்கும் நாள் வரும். முழங்கையை ஓர் அங்குலம் நகர்த்தினால் போதும். நீங்கள் ஒன்றுமே சொன்னதாக ஆகாது. பெண் தானாகப் படித்துக்கொள்வாள். மாலைக்குள் குடும்பத்தில் குருக்ஷேத்திரம் தொடங்கிவிடும். நியாயம் அவள் பக்கம் என்று உங்கள் மனசும் சொல்லும். ஆனால் தங்கவேல் கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன விஷயம் அது. ஒருவர் சாத்திய கதவை நீங்கள் திறந்துவிட்டால், அப்புறம் போடியில் ஒருவரும் உங்கள் முன்னால் கதவைச் சாத்த மாட்டார்கள், வாயைத்தான் சாத்துவார்கள்.

“நான் கூப்பிடுறேன் ஆத்தா” என்றேன். முழங்கை மரத்துப்போயிருந்தது. அவள் மண்ணின் அமிலத்தன்மையைப் பற்றி இன்னும் கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகுதான் மேசையில் கிடந்த இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குத்தகை, விடுதலை. எனக்குள் ஒரு சின்னச் சிரிப்பு புறப்பட்டது. உடனே பயமும் வந்தது. சிரிப்பு தங்கவேலுக்காக, பயம் எனக்காக. ஏன் என்று இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும்.

தங்கவேலுக்கு எதிராக நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அவருக்கு ஒழுங்கான ஆலோசனை சொன்னால் போதும்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு சகிதம் வந்தார். ஒரு தாளை அவர் முன்னால் வைத்தேன். பிரமாண வாக்குமூலம். ‘என் அண்ணன் மகள் பவித்ரா உண்மையில் பிறந்தது ஐப்பசி மாதம். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் உள்ள தேதி தவறானது. இது எனக்கு அவள் பிறந்த நாளிலிருந்தே தெரியும்.’

“கொச்சிக்காரங்க வக்கீல் ஆதாரைப் பாத்தா, டிரஸ்ட் மூணு மாசத்துக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சுன்னு சொல்லுவார். அதனால இது இல்லாமப் பத்திரம் நிக்காது” என்றேன்.

“நல்ல யோசனக்கா” என்று பேனாவைத் திறந்தார்.

“போடுறதுக்கு முன்னாடி இதையும் ஒரு தடவை படிச்சிருங்க” என்று விடுதலைப் பத்திரத்தை நகர்த்தி வைத்தேன். ஏழு வருடத்துக்கு முன், ஆனி மாதம் எழுதியது.

அவர் படித்தார். முதல் தடவை வேகமாக; இரண்டாம் தடவை விரலை வைத்து. கருப்பையா மின்விசிறியைக் கூட்டிவைத்தார்.

“இதுக்கும் அதுக்கும் என்னக்கா?”

“ஐப்பசியில பெறந்த பிள்ளைக்கு அந்த ஆனியில என்ன வயசு?”

அவர் கணக்கில் புலி. ஏல மையத்தில் கணினித் திரையில் விலை ஏறுவதற்குள் மனதுக்குள் கூட்டிக் கழித்துவிடுவார். இதற்கு மட்டும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

“பதினேழரை.”

“பதினேழு வயசுப் பிள்ளை பத்திரத்துல போட்டது கையெழுத்து இல்ல, கிறுக்கல். கிடங்குல அவ பங்கு அவகிட்டயே இருக்கு. நீங்க அதை வச்சு வங்கியில கடனும் வாங்கியிருக்கீங்க. இதெல்லாம் தெரிஞ்சேதான் செஞ்சேன்னு இந்தத் தாள்ல நீங்களே எழுதிக் கொடுக்கப்போறீங்க.”

“ஏக்கா, அதையும் நீங்கதான எழுதுனீங்க?”

“நாந்தான். அதனாலதான் எனக்கும் பயமா இருக்கு.”

அது நடிப்பல்ல. அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அவரோடு நானும் கூண்டில் நின்றிருப்பேன். நம் தவறைக் கட்சிக்காரரிடம் நாமே முதலில் சொல்லிவிடுவது நல்லது. அப்போதுதான் அவருடைய தவறையும் அவரிடம் சொல்ல முடியும்.

தங்கவேல் இரண்டு தாள்களையும் இரண்டு கைகளில் எடுத்தார். இரண்டு தட்டில் ஏலக்காய் மாதிரியை வைத்துக்கொண்டு எதற்கு விலை கேட்பது என்று யோசிப்பவரைப்போல மாறி மாறிப் பார்த்தார். கட்டைவிரல் தானாக நசுக்கிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு யோசனை சொன்னார்.

“கெடங்குக்கு வைகாசி, மலைக்கு ஐப்பசின்னு வச்சுக்கிட்டா?”

நான் வாய் திறப்பதற்கு முன் கருப்பையா சொன்னார்: “ஒரு புள்ள ஒரு தடவதான் பெறக்கும் மொதலாளி. எங்க வேணாலும் பெறக்கட்டும், ஒரு தடவதான்.”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். சிரித்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். அவமானப்பட்ட மனிதர் தன் நஷ்டத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார், நான் பார்த்திருக்கிறேன்.

“எங்க அப்பன் செத்தும் மண்டையில தட்டுறான் பாருங்க” என்றார் தங்கவேல் கடைசியில். அந்தத் தேதியை மாற்றியவர் ராமசாமி; டிரஸ்டில் தேதி எழுதக் கூடாது என்றவரும் அவரே. வேண்டுமென்றே செய்தாரா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். இருக்காது. ஆனால் அந்த நேரத்தில் நான் அதை மறுக்கவில்லை.

தங்கவேல் என் முன்னாலேயே லாட்ஜுக்குப் போன் செய்தார். குத்தகை இல்லை என்றார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, “எங்க வக்கீலு சரியில்ல சார். பழைய ஆளு, ஒண்ணும் ஓட மாட்டேங்குது” என்றார்.

நான் தலையாட்டினேன். அந்தப் பழியை இன்றுவரை மறுக்கவில்லை, நீங்களும் மறுக்காதீர்கள். பின்வாங்குகிற கட்சிக்காரருக்கு வெளியே போக ஒரு வாசல் வேண்டும். நம் தலையில் அந்த வாசலை வைத்துக்கொண்டு போனால் போகட்டும், தலை ஒன்றும் தேய்ந்துவிடாது.

அடுத்த வாரம், சொன்னபடியே பவித்ராவை நான் கூப்பிட்டேன். தோட்டத்தை அவள் வசம் ஒப்படைக்கும் பத்திரம் தயாராக இருந்தது. ஐப்பசி இன்னும் வரவில்லையே என்று விழித்தாள். தங்கவேல் தொண்டையைச் செருமினார். “ஒனக்கு வைகாசியிலயே முடிஞ்சு போச்சாம் ஆத்தா. மூணு மாசமா ஒந்தோட்டத்துல நான் சம்பளமில்லாம சோலி பாத்திருக்கேன். பாத்து ஏதாவது போட்டுக் குடு.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஜீப்புகள் ஓடுகிற ஊர் இது. கொச்சிக்காரர்கள் தோட்டத்தைப் பார்க்க மலையேறியபோது நடந்தா போயிருப்பார்கள்?

நான் பெருமைப்பட இதில் அதிகம் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். கொச்சிக்காரர்கள் முதலில் வந்தது சித்திரையில். தங்கவேல் அப்போதே என்னிடம் வந்திருந்தால் எந்தத் தேதிப்படியும் பவித்ராவுக்கு இருபத்தைந்து நிறைந்திருக்காது. நான் வாயை மூடிக்கொண்டு பத்திரத்தை அடித்துக் கொடுத்திருப்பேன். வைகாசியில் அவர் மனைவி வீட்டில் ஒரு கல்யாணம். ஆனியில் கொச்சிக்காரருக்குக் காய்ச்சல். ஆடியில் நல்ல காரியம் ஆகாது. ஒரு பெண்ணின் இருபது வருடத்தைக் காப்பாற்றியது என் சாமர்த்தியம் அல்ல. ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், ஓர் ஆடி. உங்கள் கட்சிக்காரர்களுக்கு இந்த மூன்றும் சரியான வரிசையில் வாய்க்கும் என்று நம்பாமல், பிறந்த தேதியை எழுதி வாங்குங்கள்.

தங்கவேல் இப்போது இந்தக் கதையை ஏல மையத்தில் தாமே சொல்கிறார். அவர் சொல்லும் கதையில் கொச்சிக்காரர்கள் லட்ச லட்சமாகக் கொட்டுகிறார்கள். அண்ணன் மகளுக்காக அவர் அதை எட்டி உதைக்கிறார். எழுதட்டுமா என்று கேட்டபோது தாராளமாக எழுதுங்கள் என்றார். பவித்ராவோ, சித்தப்பா சொல்கிற மாதிரி எழுதாமல் இருந்தால் சரி என்றாள்.

அந்த ஐப்பசியில் வழக்கம்போல் கேசரிக்கு அழைப்பு வந்தது. போனேன். வெளியே நல்ல மழை. பவித்ரா மலையிலிருந்து தன் முதல் ஏலக்காயைப் போடிக்கு இறக்கியிருந்தாள். அதைச் சித்தப்பாவின் கிடங்கில் வைத்து, அவர் மூலமாகவே ஏலத்துக்கு அனுப்புவது என்று இருவரும் பேசி முடித்து, ஓர் ஒப்பந்தத் தாளும் தயாராக இருந்தது. கேசரித் தட்டை நகர்த்தி இடம் செய்துகொண்டு பவித்ரா எழுத உட்கார்ந்தாள். பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் எழுதினாள். ஓர் இடத்தில் பேனா நின்றது.

“அத்தை, பொறந்த தேதி கேக்குது. எதப் போட?”

உன் சித்தப்பாவைக் கேள் என்றேன்.

தங்கவேல் கேசரியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. முந்திரியைத் தேடி எடுத்து, நசுக்கிப் பார்த்து, வாயில் போட்டுக்கொண்டார்.

“பள்ளிக்கூடத்துத் தேதியவே போடு ஆத்தா. அதுதான் நமக்குக் கட்டுப்படியாகுது.”